செத்தவனுக்கு அனுமதி வேண்டாம்

கலாராணிக்கு வாய் நீளம். நமுனுகுல மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டத்தில், மேல்பிரிவு லயத்து வரிசை வீடுகளில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. கொழுந்து நிறுக்கும்போது தராசு முள் ஆடி நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை எடையைச் சொல்லிவிட்டால், "ஐயாவுக்குக் கண்ணு நல்லா தெரியுது, முள்ளுக்குத்தான் இன்னும் தெரியல" என்பாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி நிறுப்பார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் தோட்டத்துத் தொரை பேசினாலும் சரி, சங்கத்துத் தலைவர் பேசினாலும் சரி, இவள் தொண்டையைக் கனைத்தால் அவர்களுக்குப் பேச்சு தடுமாறும்.

அதே வாய்தான் இழவு வீட்டுக்கும் போகும். எந்த லயத்தில் யார் செத்தாலும் முதல் ஆள் அவளைத் தேடித்தான் வரும். உயிரோடு இருந்தபோது தண்ணிக்குழாயில் அவளோடு மல்லுக்கு நின்றவனாக இருந்தாலும் பரவாயில்லை, தலைமாட்டில் உட்கார்ந்து அவள் ஒப்பாரியை ஒரு இழுப்பு இழுத்தாளென்றால், வெற்றிலை போட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தவனும் துண்டால் கண்ணைத் துடைப்பான். அழுது முடித்ததும் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்துங்கடி" என்பாள். பொய்யாக அழுதாளா என்றால் அதுவும் இல்லை. அந்த நேரத்துக்கு அது நிசம்.

புருஷன் நல்லையா நேர் எதிர். மெலிந்த உடம்பு, மெத்தென்ற பேச்சு, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. மாசி மாதம் காமன் கூத்து வந்தால் மட்டும் அவர் பெரிய மனுஷர். மன்மதன் வேஷம் பல வருஷமாக அவருக்குத்தான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் காமன் பொட்டலில் அவர் எரிந்து விழுகிற விழுகை இருக்கிறதே, அதைப் பார்க்க ஸ்பிரிங்வெளியிலிருந்துகூட ஆள் வரும். விழுந்த பிறகு மூச்சு இருக்கிறதா என்று மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தவர்கள் பலர். "மூச்ச எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீக?" என்று கேட்டால், "வீட்டுக்காரிகிட்ட குடுத்துட்டு வந்தேன், அவ பத்திரமா வச்சிருப்பா" என்பார்.

அந்த மனுஷனுக்குத்தான் நெஞ்சு வலி வந்தது. தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற மெஷினுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பதுளை ஆஸ்பத்திரியில் இதயக் குழாயில் அடைப்பு என்று சொல்லி, ஆயுசுக்கும் மாத்திரை எழுதி, மாதா மாதம் கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். "மறுபடி வலி வந்தா ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாதும்மா, உடனே கொண்டு வந்துரணும்" என்று டாக்டர் சொன்னதைக் கலாராணி நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டாள். பகலெல்லாம் அவரைத் திட்டித் தீர்ப்பவள், ராத்திரி மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, அது தொண்டைக்குள் இறங்குகிற வரை பக்கத்தில் நிற்பாள். அவளுக்கு இருந்த ஒரே பயம் அந்த மனுஷன் போய்விடுவாரோ என்பதுதான்.

அப்போதுதான் ரோடு போனது. ஐப்பசி மழையில் கோயிலுக்குக் கீழே இருந்த வளைவு அப்படியே சரிந்து ஆற்றோடு போய்விட்டது. பஸ் நின்றது. ஆட்டோ நின்றது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினால் கீழே சந்திப் பாலத்தடி வரைக்கும்தான் வருவோம் என்றார்கள். அங்கே போய்ச் சேர, சரிந்த மண்ணில் சறுக்கிச் சறுக்கி நடக்க வேண்டும். நெஞ்சுக்காரனால் முடிகிற காரியமா அது? ஒரு மாதக் கிளினிக் தவறிப் போனது, அடுத்த மாதமும் தவறியது. மாத்திரையை அவள் யார் யாரிடமோ சொல்லி வரவழைத்துக் கொடுத்தாள்.

பிரதேச சபையில் போய்க் கேட்டால், அது தோட்டத்து ரோடு என்றார்கள். தோட்டத்து ஆபீசில் கேட்டால், அது சபை ரோடு என்றார்கள். எலெக்‌ஷன் நேரத்தில் மட்டும் அதே ரோட்டில் இரண்டு பேருக்கும் வாகனம் வந்தது, மாலை வந்தது, பட்டாசு வந்தது. வெட்கம் கெட்டவர்கள்!

பொறுத்துப் பார்த்துவிட்டு, மேல்பிரிவுப் பெண்கள் சபை வாசலில் போய் நின்று கத்தினார்கள். உள்ளேயிருந்து ஒரு ஆபீசர் வந்தார். கோபப்படவில்லை, சிரித்தார். பலகையில் ஒட்டியிருந்த புதுச் சட்டத்தைக் காட்டினார். டவுன் எல்லைக்குள் ஊர்வலம் போவதானால், கூட்டம் கூடுவதானால், ஒலிபெருக்கி கட்டுவதானால் ஏழு நாளைக்கு முன்னே அனுமதி எடுக்க வேண்டும். எடுத்தாலும் கண்ட இடத்தில் நிற்கக்கூடாது. மக்கள் எதிர்ப்புத் தெரிவிப்பதற்கென்று சபை ஒதுக்கியிருக்கும் இடத்தில் மட்டும்தான் நிற்கலாம். இடம் எங்கே என்றால், வாரச்சந்தைக்குப் பின்னால், குப்பை டிராக்டர்கள் நிற்கிற மைதானம்.

கலாராணி விடவில்லை. முறைப்படி எழுதிக் கொடுத்தாள். முதல் தடவை, அன்றைக்குச் சந்தை நாள் என்று தள்ளினார்கள். இரண்டாவது தடவை, சங்கத்தின் கடிதம் வேண்டும் என்றார்கள். மூன்றாவது தடவை என்ன சொன்னார்கள் தெரியுமா? அந்த எதிர்ப்பு மைதானம் இன்னும் திறந்து வைக்கப்படவில்லையாம். சபைத் தவிசாளர் ரிப்பன் வெட்டித் திறக்கிற வரைக்கும் அங்கே எதிர்ப்புத் தெரிவிக்க முடியாதாம். மற்ற இடத்திலும் முடியாதாம்.

திரும்பி வரும்போது பாலத்தடியில் புவாத் கடையில் ஏறி உட்கார்ந்தாள். புவாத் ஸ்பீக்கரும் மைக்கும் வாடகைக்குக் கொடுக்கிறவர். கோயில் திருவிழா, பள்ளிவாசல் கந்தூரி, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவருடைய பெட்டிதான் பேசும். புதுச் சட்டத்தில் அவருடைய பிழைப்பும் அடிபட்டதால், அதை வரி வரியாகப் படித்து வைத்திருந்தார்.

"இவ்வளவு பெரிய சட்டத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் கலாராணி அக்கா சலுகை" என்றார். "சமய ஊர்வலத்த விட்டுருங்க. அதத் தவிர்த்து, மையத்து ஊர்வலத்துக்கு, அதான் சாவு ஊர்வலத்துக்கு, அனுமதி தேவையில்ல. மேளமும் அடிக்கலாம், ரோட்ட மறிச்சும் போகலாம். இந்த டவுன்ல உசுரோட இருக்கிறவனுக்குத்தான் தடை, செத்தவனுக்கு ஒரு தடையும் இல்ல."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு மலை ஏறினாள்.

"இந்தாங்க, எனக்காக ஒரு நாளைக்குச் செத்துப் போறீங்களா?" என்று நல்லையாவிடம் கேட்டாள்.

"ஒனக்காகவா?"

"ஒங்களுக்காகத்தான். ஒங்க நெஞ்சுக்குத்தானே ரோடு கேக்குறோம்?"

அவர் யோசித்தார். "சரி, சாகுறேன். ஆனா வாய்க்கரிசி மட்டும் போட்டுறாதீங்க. தொண்டைல சிக்கினா நெசமாவே போயிருவேன்."

லயத்துப் பெரியவர்கள் ஆகாது என்றார்கள். உயிரோடு இருக்கிறவனைப் பாடையில் ஏற்றினால் எமனுக்கு வழி காட்டின மாதிரி ஆகும் என்றார்கள். கலாராணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "வருஷா வருஷம் காமன் பொட்டல்ல சாகுறப்ப மட்டும் கைதட்டினீங்க? அப்ப எமன் லீவுல போயிருந்தானா?" என்றாள். மூங்கில் வெட்டிப் பாடை கட்டினார்கள்.

அன்றைக்கு அந்த ஊர்வலத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். முன்னால் தப்பு மேளம், பின்னால் பூ மூடிய பாடை, அதைப் பிடித்துக்கொண்டு தலைவிரி கோலமாய்க் கலாராணி. பாலத்தில் காவலுக்கு நின்ற பொலிஸ் சார்ஜன்ட் விமலசேன வாகனங்களை நிறுத்தி வழிவிட்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். கடைக்காரர்கள் கதவைப் பாதி இறக்கினார்கள். புவாத் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

சபை வாசலில் பாடையை இறக்கி வைத்தார்கள். தவிசாளரே படியிறங்கி வந்து, யாரம்மா செத்தது என்று பரிவாகக் கேட்டார். பூவெல்லாம் உதிர நல்லையா எழுந்து உட்கார்ந்தார். "நான்தானுங்க. மேல ரோடு இல்ல, சுடுகாட்டுக்குப் போக வழியில்ல. அதான் ஒங்க ஆபீசுல படுத்துக்கலாம்னு வந்தேன்" என்றார்.

டவுனே சிரித்தது. லயத்துப் பையன், ஆட்டோ ஓட்டுகிற துஷாந்த் அதைப் போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டான். ராத்திரிக்குள் பண்டாரவளை, பதுளை, கொழும்பு என்று எங்கெங்கோ பார்த்துச் சிரித்தார்கள். தவிசாளரின் முகமும் அதில் தெளிவாக இருந்தது. பொய்ப் பிணத்துக்குத் தொப்பியைக் கழற்றி நின்ற சார்ஜன்டும் அதில் இருந்தார். மேலிடத்தில் அவரைக் கூப்பிட்டுக் கிழித்துத் தோரணம் கட்டினார்களாம். சந்தையில் மீன்காரன்கூட அவரைக் கண்டால் தலையில் இல்லாத தொப்பியைக் கழற்றிக் காட்டினான்.

ரோட்டுக்கு என்ன ஆனது? ஒரு நாள் ஒரு பெக்கோ இயந்திரம் வந்தது, நாலு வாளி மண்ணைத் தள்ளியது, பக்கத்தில் நின்று தவிசாளர் போட்டோ எடுத்துக்கொண்டார், இயந்திரம் போய்விட்டது. சபை செய்த இன்னொரு வேலை, மேல்பிரிவிலிருந்து சாவு ஊர்வலம் வந்தாலும் கிராம சேவகரின் அனுமதித் துண்டு இருந்தால்தான் பாலம் தாண்டலாம் என்று தீர்மானம் போட்டது. பொலிசுக்கும் அப்படியே உத்தரவு போனது.

வீட்டில் வேறொரு கூத்து தொடங்கியது. நல்லையாவுக்கு இப்போது ஊரெல்லாம் பேர். போகிற இடமெல்லாம் "ஒரு தடவ செத்துக் காட்டுங்க மாமா" என்று கேட்டார்கள், அவரும் மறுக்காமல் செத்துக் காட்டினார். குழாயடியில் செத்தார். கோயில் படியில் செத்தார். முக்கியமாக, கலாராணி திட்டத் தொடங்கினால் உடனே செத்தார். பீடி குடிக்காதீங்க என்று அவள் வாயெடுத்தால் போதும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிவார். முதல் தடவை அவள் அலறிய அலறலில் லயமே கூடிவிட்டது. அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து சிரித்தார். அவள் விளக்குமாற்றை எடுத்தாள். அடுத்த தடவை திட்டினாள். அதற்கடுத்த தடவைகளில் தண்ணிக் குடத்தோடு அவரைத் தாண்டிக்கொண்டு போனாள். தாண்டும்போது அவளுக்கே சிரிப்பு வரும், காட்டிக்கொள்ள மாட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டவுனில் எதிர்ப்பு மைதானத்தின் திறப்பு விழா. மேல்பிரிவு ஆட்கள் கும்பலாக வந்து காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று பாலத்தின் குறுக்கே பொலிஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். தவிசாளர் கிளம்புகிற வரை கூட்டமாய் யாரையும் விடக்கூடாது என்று சார்ஜன்ட் விமலசேனவுக்கு உத்தரவு.

மேலே கலாராணி அடுப்பில் அரிசியைப் போட்டுவிட்டு, துவைக்க எடுத்த சட்டைப் பையில் பீடிக்கட்டைக் கண்டாள். பிடித்துக்கொண்டாள் நல்லையாவை. "ஒங்களுக்காக ஊரு வாய்ல விழுந்து நான் ரோடு கேக்குறேன், நீங்க எமனுக்கு ரோடு போட்டுக் குடுக்குறீங்களா?" என்று தொடங்கினாள். அவர் ஏதோ சொல்ல வந்தார். சொல்லாமல் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சுவரோடு சரிந்தார்.

"ஆரம்பிச்சிட்டாரு மன்மதன்" என்றாள் அவள்.

அடுப்பை ஊதினாள். கருவாட்டைக் கழுவினாள். கை வேலை செய்ய வாய் திட்டிக்கொண்டே இருந்தது. மகள் சுபாஜினி கொழும்பிலிருந்து வரட்டும், எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றாள். நடுவில் ஒரு முனகல் கேட்டது. "இது புதுசா இருக்கே, காமன் முனகுவானா?" என்றாள். திரும்பியும் பார்க்கவில்லை. கஞ்சி வடித்து, சோற்றை இறக்கி, தட்டில் போட்டுக் கருவாட்டையும் வைத்து, அவர் கைப்பக்கம் கொண்டுவந்து வைத்தாள்.

"எந்திரிங்க. போதும்."

அவர் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் குனிந்து முகத்தைப் பார்த்தாள். வேர்வையில் சட்டை ஒட்டிக் கிடந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. ஐயோ, அவள் வாசலுக்கு ஓடி வந்து கத்தினாள். எதிர் வீட்டுக் காம்பராக்காரி எட்டிப் பார்த்து, "மறுபடி செத்துட்டாரா? நான் கொழுக்கட்டை அவிக்கிறேன், எழும்பினா வரச் சொல்லு" என்று சிரித்தாள். துஷாந்த்தான் ஓடி வந்தான். தொட்டதும் அவன் முகம் வெளுத்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினான்.

பாலத்தடிக்கு எப்படித் தூக்கிப் போவது? கம்பளியில் கட்டித் தூக்கினால் சரிவில் உடம்பு மடங்கும். நாலு பேர் தோள் கொடுக்க நேராகப் படுக்க வைக்கிற மாதிரி லயத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். கொடிக்காலுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த அந்தப் பாடை. கலாராணி ஒரு கணம் நின்றாள். பிறகு, "எடுங்கடா, என்னத்தப் பாக்குறீங்க!" என்று அலறினாள்.

அதே பாடை. அதே நல்லையா. தோள் மாற்றப் பின்னால் அதே ஆண்கள், முன்னால் மாரிலடித்து அழுதுகொண்டு அதே கலாராணி. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சார்ஜன்ட் விமலசேன பார்த்தது இதைத்தான்.

"நில்லுங்க" என்றார். "இன்னைக்கும் செத்துட்டாரா?"

"சாகல ஐயா! உசுரு இருக்கு! ஆம்புலன்ஸ் வந்திருக்கு, விடுங்க ஐயா!"

ஆம்புலன்ஸ் வந்துதான் இருந்தது. திறப்பு விழாவுக்கு வந்த வாகனங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, பாலத்துக்கு அந்தக் கரையில் நின்றது. மைதானத்து ஸ்பீக்கரில் தவிசாளரின் குரல், மக்களுக்குப் பேச உரிமை இருக்கிறது, அந்த உரிமைக்காகத்தான் இந்த இடம் என்று முழங்கிக்கொண்டிருந்தது.

கலாராணி சார்ஜன்டின் காலில் விழுந்தாள். விமலசேன பின்வாங்கினார். "அம்மா, அன்னைக்கும் இப்படித்தான் அழுதீங்க. நான் தொப்பி கழட்டினேன். இன்னைக்கு அதைவிட நல்லா அழுறீங்க" என்றார். வாழ்நாளெல்லாம் ஊர் அவளைக் கொண்டாடிய அழுகை அது. அதைக் கொண்டு ஒரே ஒரு ஆளை நம்ப வைக்க முடியவில்லை அவளால். கத்தினாள், நெஞ்சில் அறைந்தாள், மண்ணை வாரித் தலையில் போட்டாள். ஒவ்வொன்றும் அவருக்கு நடிப்பாகவே பட்டது.

அவர் பாடைக்குப் பக்கத்தில் வந்து, நல்லையாவின் முகத்துக்கு நேரே குனிந்து, எரிச்சலோடு சொன்னார்.

"எந்திரிங்க. போதும்."

கலாராணியின் குரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி அவரையே பார்த்தாள். துஷாந்த் கத்தினான், மற்ற ஆண்கள் தடுப்பைத் தள்ளினார்கள், பொலிஸ்காரர்கள் எதிரே தள்ளினார்கள். புவாத் கடையிலிருந்து இறங்கி ஓடி வந்து, "சேர், இது பொய்யில்ல, அந்த மனுஷன் சாகுறாரு" என்று சிங்களத்தில் கெஞ்சினார். "சாவு ஊர்வலம் போகச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான்னு ஊருக்கே தெரியும், தள்ளி நில்லுங்க முதலாளி" என்றார் சார்ஜன்ட்.

கடைசியில் ஆம்புலன்ஸில் வந்த பெண்பிள்ளைதான் பையைத் தூக்கிக்கொண்டு வாகனங்களுக்கு நடுவே ஓடி வந்தாள். முழங்காலில் விழுந்து கழுத்தில் விரலை வைத்தாள். நிமிர்ந்து சார்ஜன்டைப் பார்த்த பார்வையில் அவர் தானாகவே தடுப்பை இழுத்தார். பதுளை போகும் வழியெல்லாம் அந்தப் பிள்ளை நல்லையாவின் நெஞ்சை அமுக்கிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முன்ன கொண்டு வந்திருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். நல்லையா போய்விட்டார்.

இழவு வீட்டுக்கு இந்தத் தடவை யாரும் கூப்பிடாமலே ஊர் வந்தது. பாலத்தில் நடந்ததையும் துஷாந்த் படம் பிடித்திருந்தான். சங்கத்து ஆட்கள் வந்தார்கள், ஒரு வக்கீல் வந்தார், சார்ஜன்டை வேலையை விட்டுத் தூக்கி உள்ளே தள்ளாமல் விடமாட்டோம் என்றார்கள். சுபாஜினி அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு, "என் அப்பாவக் கொன்ன அந்த ஆள நான் சும்மா விடமாட்டேன்மா, நீ மட்டும் தைரியமா சாட்சி சொல்லு" என்று அழுதாள். கலாராணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாயிலிருந்து ஒரு வரி ஒப்பாரி வரவில்லை. அதிர்ச்சி, பாவம், என்றார்கள் பெண்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் விமலசேன வந்தார். காக்கிச் சட்டை இல்லை, வெள்ளைச் சட்டை போட்டு, தனியாக, அந்தச் சரிந்த மண்ணில் நடந்து வந்திருந்தார். முற்றத்து ஓரத்தில் நின்றார். ஆண்கள் எழுந்தார்கள். துஷாந்த் பாய்ந்து சட்டையைப் பிடித்தான். அவர் கையைத் தட்டிவிடவில்லை.

"அம்மா" என்றார். "நான் நடிப்புன்னு நெனச்சேன் அம்மா."

"நெனச்சியா? நெனச்சியாடா?" என்று துஷாந்த் கையை ஓங்கினான்.

"அவர விடுடா" என்றாள் கலாராணி. அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அது. "நானும் அப்படித்தான் நெனச்சேன்."

வக்கீல் சங்கத்துக்காரரைப் பார்த்தார். சுபாஜினிக்கு விளங்கவில்லை. அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னம்மா சொல்ற? நீயா? எவ்வளவு நேரம்மா நெனச்ச?"

கலாராணி மகளின் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"சோறு வேகுற வரைக்கும்."

சுபாஜினி அம்மாவின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.